மலையிலேயே தங்கும் வருமானம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சிறுதானிய உற்பத்தியாளர் குழுக்களோடு பணியாற்றிய ஆண்டுகளில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. ஓர் ஊரின் பொருளாதாரத்தை உயர்த்த முனைபவர் சந்தையை ஆராய்வதற்கு முன் அவ்வூர்ப் பெண்களின் வேலைப்பளுவை ஆராய வேண்டும்.

சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியதற்கு வலுவான காரணம் இருந்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வாங்கும் வியாபாரிகள் முன்பணம் தந்தார்கள். விளைந்ததை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். சாமையிலோ அறுவடைக்குப் பிறகுதான் பெரும்பாடு. காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் உமி கழன்று அரிசி கிடைக்கும். அவ்வளவும் பெண்களின் உழைப்பு. அதற்கு எவரும் கூலி கணக்கிட்டதில்லை. சாமையின் சத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வந்தவர்கள் பலர். தலைமுறைகளாக அதை உண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவே இல்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் 1990களில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக, உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களிலேயே நிறுவி, மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது. நான் கண்டவரை, திருப்பம் அங்கேதான் நேர்ந்தது. இயந்திரத்திலிருந்து விழும் அரிசியில் ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பி, ஊதி, விரலால் தள்ளிப் பார்க்கும் பெண், குருணை மிகுந்திருந்தால் தானியம் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டதென்று உடனே சொல்லிவிடுவார். அந்தத் தேர்ச்சி வெளியிலிருந்து வந்ததன்று. உலக்கை பிடித்த கைகளில் முன்பே இருந்தது. தவிடு நீங்காத அரிசி விரைவில் சிக்கு வாடை கொள்ளும் என்பதால், உமியோடு இருப்பு வைத்து, கேட்பு வரும்போது மட்டும் அரைப்பதே நல்லது. ஆகவே அரவை மலையிலேயே நடப்பது தரத்துக்கும் உகந்தது. அரவைக் கூலியும் தவிடும் ஊரிலேயே தங்கும்.

நிறுவனங்கள் சட்டத்தில் 2002ஆம் ஆண்டு வந்த திருத்தத்தின்படி பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம்; பங்கு எவ்வளவாயினும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பதே அதன் பொதுவிதி. சிறு விவசாயிக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் களத்தில் தானியம் குவியும் வாரத்தில் கொள்முதலுக்குக் கைப்பணம் இல்லையெனில், எவ்வளவு நல்ல அமைப்பும் முன்பணம் தரும் வியாபாரிக்கு ஈடுகொடுக்க முடியாது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் நிதி தர முன்வருவோர், முதல் மூன்று நான்கு அறுவடைகளுக்கான சுழல்நிதியையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் வற்புறுத்தி வருகிறேன்.