ரத்னகிரில ஒரு பர்மா ராஜா

மகாராஷ்டிரா ரத்னகிரில ஆட்டோ ஏறி 'திபா ராஜவாடா'ன்னு சொன்னா போதும், வேற அட்ரஸே வேணாம். செம்மண் கலர்ல பெரிய பங்களா, அரைவட்ட ஜன்னல்ல கலர் கண்ணாடி, பின்பக்கம் போனா கீழ கழிமுகம், அதுக்கு அந்தாண்ட அரபிக்கடல். வியூ செம! ஆனா இங்க இருந்த திபா ஒரு கைதி, பர்மாவோட கடைசி ராஜா.

மாம்பழ ஊருக்கு மண்டலை (அப்ப பர்மாவோட தலைநகர்) ராஜா எப்படி வந்தார்னா, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்ங்கிற பிரிட்டிஷ் கம்பெனி தேக்கு வெட்டுனதுக்கு சரியா காசு கட்டலைன்னு பர்மா அரசு அபராதம் போட்டுச்சு, பிரெஞ்சுக்காரன் உள்ள வந்துடுவானோன்னு ஏற்கெனவே கடுப்புல இருந்த பிரிட்டிஷ்காரனுக்கு அந்த சாக்கு போதும், 1885 நவம்பர்ல கப்பல்ல படை வந்து ரெண்டே வாரத்துல எல்லாம் முடிஞ்சிருச்சு. ராஜாவையும் ராணி சுபயாலத்தையும் மாட்டு வண்டில ஏத்தி ஆத்தங்கரைக்கு கொண்டு போயிருக்காங்க. அப்ப அவருக்கு 26 வயசு. ரொம்ப பாவப்படவும் முடியல, பட்டத்துக்கு வந்த புதுசுல அரச குடும்பத்துலயே அத்தனை பேர கொன்னு போட்ட ஆட்சி அது.

நேரா ரத்னகிரிக்கும் கொண்டு வரல. நம்ம மெட்ராஸ்ல சில மாசம் வச்சிருந்தாங்க, மூணாவது இளவரசி பிறந்ததே அங்கதான், இது எனக்கு புது நியூஸ்.

இன்னொன்னு, நாம பாக்குற இந்த அரண்மனைல அவர் ஆறு வருஷம்தான் இருந்திருக்கார். இது ரெடியானது 1910-ல, அதுவரைக்கும் வேற பங்களா. 1916-ல செத்துட்டார். உடம்பை மண்டலைக்கு கொண்டு போகணும்னு ராணி அடம்பிடிச்சும் பிரிட்டிஷ்காரன் விடல, கடைசில 1919-ல இங்கயே கல்லறை கட்டி மூடிட்டாங்க. ராணிக்கு ரங்கூன் போக மட்டும் அனுமதி, மண்டலை கிடையாது. டெல்லி பாதுஷா பகதூர் ஷா ஜாபர ரங்கூன்ல புதைச்சவங்களும் இதே ஆளுங்கதான், ராஜாவ மாத்தி மாத்தி குடி வைக்கிறதுல என்ன ஒரு திறமை.

கல்லறை தனியா ஊருக்குள்ள வீடுகளுக்கு நடுவுல இருக்கு, அவசியம் போங்க. எனக்கு அரண்மனைய விட மனசுல நின்னது மூத்த இளவரசி கதைதான். அரண்மனைல வேலை பாத்த உள்ளூர்க்காரரோட பழகி ஒரு பொண்ணு, பேரு டூடூ. அந்தம்மா ரத்னகிரிலயே மராத்தி பேசிக்கிட்டு, கஷ்ட ஜீவனம் நடத்தி, புள்ளகுட்டியோட வாழ்ந்து இங்கயே கண்ண மூடிட்டாங்க. பர்மா ராஜாவோட சொந்தப் பேத்தி!