பன்றியின் தொடைத் தமனியில் ஸ்டென்ட்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 2

நெறிமுறைக் குழுவின் கடைசிக் கேள்விக்கும் பதில் அனுப்பியாயிற்று. பண்ணைப் பன்றி இருக்க மினி பன்றி எதற்கு என்று கேட்டிருந்தார்கள். பண்ணைப் பன்றி மளமளவென்று வளரும், தமனியும் கூடவே பெருக்கும். 180-வது நாளில் பார்த்தால், தெரிவது ஸ்டென்டின் (தமனியைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழாய்) விளைவா வளர்ச்சியின் விளைவா என்று பிரிக்க முடியாது.

மார்ச் 4

முதல் விலங்கு. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் முன்கூட்டியே தொடங்கியிருந்தோம். மயக்கம் கொடுத்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஏற்றி, கழுத்துத் தமனி வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இறக்கினோம். இடது காலில் புது ஸ்டென்ட், வலது காலில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஒரே உடலில் ஒப்பிட்டால் குறைவான விலங்குகளே போதும். விலங்கு ஆய்வுக்கான நெறிகளை எழுதிய ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-ல் வலியுறுத்திய, விலங்குகளின் எண்ணிக்கைக் குறைப்பை நான் ஒவ்வொரு திட்டத்திலும் முதலில் பார்ப்பது இதனால்தான்.

அளவில்தான் வெகுநேரம் போனது. ஸ்டென்ட் செய்யப்பட்ட நிட்டினால் தானாக விரியும் உலோகம். தமனியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் சுவரோடு ஒட்டி நிற்கும். ரொம்பப் பெரிதானால், வைத்த பிறகும் வாரக்கணக்கில் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 5

நன்றாக நடக்கிறது, தீனி எடுக்கிறது. பாதங்கள் இரண்டும் வெதுவெதுப்பாக இருக்கின்றன.

ஏப்ரல் 1

28-வது நாள். ஆஞ்சியோகிராமில் (ரத்தக்குழாய் எக்ஸ்-ரே படம்) இரண்டு பக்கமும் ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறது. அப்புறம், ஆழ்ந்த மயக்கத்திலேயே விலங்கின் உயிர் முடிக்கப்பட்டது. இந்த வேலையில் எனக்கு இது ஒருபோதும் சாதாரணமாகிவிடவில்லை.

ஏப்ரல் 20

உலோகம் உள்ளே இருப்பதால் சாதாரணக் கத்தி உதவாது. தமனியைப் பிசினில் பதித்து, வைரத்தூள் பதித்த ரம்பத்தால் அறுத்து, தேய்த்து மெலிதாக்கினோம். மீள்நார்கள் கறுப்பாகத் தெரியும் சாயம். ஸ்டென்ட் கம்பிகளில் பெரும்பாலானவை உள்மீள் படலத்தை (தமனிச் சுவரின் உட்பக்கத்து மீள்தன்மை அடுக்கு) அழுத்தி நிற்கின்றன, கிழிக்கவில்லை. அங்கே புதுத் திசு மெல்லிய போர்வை. ஒரே ஒரு கம்பி படலத்தைக் கிழித்து நடு அடுக்குக்குள் போயிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் திசு மேடாக எழும்பியிருக்கிறது. காயம் எவ்வளவோ அவ்வளவு வளர்ச்சி என்பது ஒரே சில்லில் தெரிந்தது.

ஏப்ரல் 23

அறிக்கை. 'நோயாளிகளுக்கும் பொருந்தும்' என்று ஒரு வரி வந்திருந்தது, நீக்கச் சொன்னேன். இது இளம், ஆரோக்கியமான தமனி. கொழுப்புப் படிவு இல்லை, சுண்ணாம்பு இல்லை. மனிதருக்கு மாதக்கணக்கில் நடக்கும் ஆறுதல் இங்கே வாரங்களில் முடிந்துவிடுகிறது. பன்றியின் பின்னங்கால், மனிதர் நடக்கும்போதும் உட்காரும்போதும் மடங்குவதுபோல் மடங்காது. 2005-ல் வெளியான ஒரு ஆய்வில், தொடைத் தமனியில் ஸ்டென்ட் வைத்த கால்களில் சுமார் 37 சதவீதத்தில் ஸ்டென்ட் முறிந்திருந்தது. சுவர் எப்படி ஆறுகிறது என்பதைத்தான் எங்கள் பன்றி சொல்லும். வளைவு, முறுக்கு, நசுக்கலை எல்லாம் உலோகம் தாங்குமா என்பதை இயந்திரச் சோதனைதான் சொல்ல வேண்டும். அந்த முடிவு வந்ததும் அறிக்கையில் இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைப்பதாக முடிவு.