சூலூர்பேட்டை வரை போய் ராக்கெட் பார்க்காமல் திரும்பிய கதை

நங்கிலி செக்போஸ்ட்டில் எங்கள் ஆல்டோவை ஓரங்கட்டச் சொன்னபோது இரவு மணி பன்னிரண்டரை இருக்கும். 2024 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தோம். தேர்தல் நேரம், கர்நாடகா முடிந்து ஆந்திரா தொடங்கும் இடம், பணம் கிணம் கொண்டுபோகிறோமா என்று டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இருந்தது ஒரு பைனாகுலர், இரண்டு ஃப்ளாஸ்க், ஒரு கோரைப்பாய், வீட்டுக்கார அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை. எங்கே போகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார் ஒருவர். "ராக்கெட் நோடோக்கே சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பின்சீட்டில் மங்கி குல்லாவோடு உட்கார்ந்திருந்த 68 வயது மனிதரைப் பார்த்தார் (ஏப்ரலில் எதற்குக் குல்லா என்று நானும் கேட்டுவிட்டேன், பதில் வரவில்லை), டிக்கியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

குல்லாக்காரர் என் வீட்டு ஓனர். பெங்களூரு முருகேஷ்பாளையாவில் அவர் வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அப்பா காலத்தில் ஆற்காடு பக்கமிருந்து வந்த குடும்பம், இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், அதனால் அவர் தமிழில் 'ஸ்வல்ப'வும் 'சும்னே'வும் கேட்காமலேயே வந்து உட்காரும். ராக்கெட்டுக்கு டாங்க் செய்கிற இடத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இடம் என்று பேர் சொல்லமாட்டார், 'ஃபேக்டரி' அவ்வளவுதான். அந்த விஷயமே எனக்கு இரண்டு வருடம் தெரியாது. தண்ணீர் மோட்டார், குப்பை வண்டி, வாடகை, இதைத் தாண்டி நாங்கள் பேசியதே இல்லை.

பேச ஆரம்பித்தது அதே வருடம் மார்ச் 14 அன்று. ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் மூன்றாவது சோதனை, நம்ம ஊர் நேரப்படி மாலை ஏழு மணிக்குச் சற்று முன். மாடியில் வைஃபை செத்துவிட்டது, கீழே போய் உங்கள் டிவியில் போடலாமா என்று கேட்டேன். போட்டோம். பூஸ்டரில் 33 எஞ்சின், மொத்த உயரம் 120 மீட்டருக்கு மேல், அது டெக்சாஸ் கடற்கரையிலிருந்து கிளம்பியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. விண்வெளிக்குப் போய்த் திரும்பி வளிமண்டலத்துக்குள் இறங்கும்போது, ராக்கெட்டின் மேல்பகுதியான கப்பலின் இறக்கைகளைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு படர்வதை நேரலையிலேயே காட்டினார்கள், கொஞ்ச நேரத்தில் தொடர்பு போய்விட்டது, கப்பல் தொலைந்தது. அப்போதுதான் வாயைத் திறந்தார். "கெட்டுப்போறதையும் காட்றானே தம்பி. நாங்க இருந்தப்போ ஒரு வெல்டு கெட்டாலே யாருக்கும் தெரியாம மூடி எடுத்துட்டுப் போவோம்."

அன்றிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் வீட்டில் டீ. நான் அக்னிகுல் பற்றிச் சொன்னேன். சென்னை ஐஐடியில் 2017-ல் முளைத்த ராக்கெட் நிறுவனம், எஞ்சினை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக அடித்தெடுக்கிறார்கள், ஒட்டு இல்லை, வெல்டிங் இல்லை என்றதும் மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. வெல்டிங்கே இல்லாத எஞ்சினா? இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் படிக்கட்டில் நிறுத்தி, "அப்ப ஜாயின்ட்ல லீக் ஆகுற கதையே இல்ல, கெட்டிக்காரப் பசங்க" என்றார். அந்த எஞ்சின் பேர் அக்னிலெட். அது பறக்கப்போகும் முதல் சோதனை ராக்கெட் அக்னிபான் சார்டெட், ஸ்ரீஹரிகோட்டாவுக்குள்ளேயே இவர்கள் தனியாகக் கட்டிக்கொண்ட ஏவுதளத்திலிருந்து. மார்ச் 22-ல் விடுவதாக இருந்து தள்ளிவைத்தார்கள், அடுத்து ஏப்ரல் 6 சனிக்கிழமை என்றார்கள். சனிக்கிழமை! ஆபீஸ் லீவு. ஆம்பூர்க்கார ஆபீஸ் தம்பியிடம் கார் இருந்தது. ஓனரிடம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் "வர்றீங்களா சார்?" என்றேன்.

வழியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கே.ஆர்.புரம் தொங்குபாலத்தைத் தாண்டவே முக்கால் மணி நேரம், அதற்கப்புறம் கோலார், முல்பாகல், பலமனேர், சித்தூர் என்று ரோடு வழுக்கிக்கொண்டு போகும். திருப்பதியை ஒட்டி வரும்போது மலை மேல் விளக்குகள் தெரிந்தன, ஓனர் குல்லாவைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். காளஹஸ்தி, நாயுடுபேட்டை, அங்கிருந்து சென்னை நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் சூலூர்பேட்டை. முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

போய் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது, இன்றைக்கு இல்லை, நாளைக்கு.

சரி, ஒரு நாள் முழுக்கச் சூலூர்பேட்டையில் என்ன செய்வது? சின்ன ஊர்தான். சென்னையிலிருந்து மின்சார ரயில் வந்துபோகிற ஊர் என்பதால் கடைகளில் தமிழுக்குப் பஞ்சமில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் போட்டுப் பத்து மணி வரை தூங்கினோம். செங்காளம்மன் கோயிலுக்குப் போனோம், இஸ்ரோ பெரியவர்கள் ராக்கெட் விடுவதற்கு முன் வந்து கும்பிட்டுப் போகிற கோயில், சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்1-க்கு முந்தின நாள் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் வந்திருந்தார். யுகாதிக்கு மூன்று நாளே இருந்ததால் மாங்காயும் வேப்பம்பூவும் தெருவெல்லாம் குவிந்து கிடந்தது. மதியம் ஆந்திரா சாப்பாடு. கோங்குரா துவையலும் பருப்புப்பொடியும் நெய்யும் போட்டு ஆம்பூர்த் தம்பி நான்கு தடவை சோறு வாங்கினான், ஐந்தாவது தடவை பரிமாறுகிறவர் அவனைப் பார்க்காத மாதிரி போனார்.

வெயில் தாழ்ந்ததும் ஏரிக்குப் போனோம். இந்த இடத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும். சூலூர்பேட்டைக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவுக்கும் நடுவில் பழவேற்காடு ஏரி கிடக்கிறது, அதன் நட்டநடுவில் நேர்க்கோடாக ஒரே ஒரு ரோடு. ராக்கெட் பாகங்களும் விஞ்ஞானிகளும் பள்ளிக்கூட பஸ்ஸும் எல்லாம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். கோடையில் ஏரியின் இந்தப் பக்கம் வற்றிவிடுகிறது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்த சேறு, அதன் மேல் உப்பு படிந்து வெள்ளையாக, தூரத்தில் எங்கேயோ கொஞ்சம் தண்ணீர் மினுங்குகிறது, அதில் நாலைந்து பூநாரைகள் மற்றதெல்லாம் கிளம்பிப்போன பிறகும் ஏதோ வேலை பாக்கி இருப்பதுபோல் குனிந்து நின்றுகொண்டிருந்தன. அடிவானத்தில் தீவின் மரங்கள் ஒரு பச்சைக் கோடு. அதற்குப் பின்னால்தான் எல்லாம். ஓனர் பைனாகுலரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். "எங்க கையால செஞ்ச டாங்க்கு எல்லாம் இந்த ரோட்லதான் போயிருக்கும், இல்ல?" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், ஒரு தடவைகூட இங்கே வந்ததில்லையாம். அனுப்புவதோடு சரி.

அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். எனக்குச் சொந்த ஊர் உடன்குடி. "ஏல, நம்ம குலசையிலேயே ராக்கெட்டு விடப் போறாவளாமே, நீ எதுக்குல ஆந்திராவுல போயி அலையுத?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அதே வருடம் பிப்ரவரி 28-ல்தான் குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 2,200 ஏக்கருக்கு மேல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவத்தை நோக்கி நேர்தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வரும், அதைச் சுற்றிக்கொண்டு போவதில் எரிபொருள் வீண், சின்ன ராக்கெட்டுக்கு அந்த வீண் கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து விட்டால் தெற்கே கடலைத் தவிர ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், பனைய எல்லாம் வெட்டிருவாவளோ?" என்று கேட்டாள். ஓனர் ஜாடையில் யார் என்று கேட்டார், அம்மா என்றேன், போனை வாங்கி இரண்டு பேரும் பத்து நிமிடம் கருப்பட்டி விலை பேசினார்கள்.

ஞாயிறு விடிகாலை மூன்றரைக்கு எழுந்தோம். எங்களிடம் பாஸ் எதுவும் இல்லை, அதனால் தீவுப் பக்கம் போகிற ஆசையை விட்டுவிட்டு ஏரிக்கரையோரம் பாயை விரித்தோம். பைக்கில் சென்னையிலிருந்து வந்த இரண்டு காலேஜ் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். உண்மையைச் சொன்னால் என்ன தெரியும் என்பதில் எனக்கே சந்தேகம்தான். சார்டெட் மொத்தமே ஆறு மீட்டர் சொச்சம், நம்ம தெரு விளக்குக் கம்பம் அளவு, ஒரே ஒரு எஞ்சின். இருட்டு இருந்தால் ஒரு தீப்பொறி தெரியலாம். பகலில் அதுவும் கிடையாது.

ஐந்தரை மணிக்கு ஓனர் போன் அடித்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் பெங்களூரில் தண்ணீர் எப்படிப் பட்ட பாடு படுத்தியது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், சொல்லி வைத்த டேங்கர் சொல்லாத நேரத்தில் வரும். "டேங்கர்காரன் வந்து நிக்கிறான், பணத்தை எங்க வெச்சீங்க?" என்று அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மா. "பீரோல, காலண்டருக்குப் பின்னாடி" என்று இவர் ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். அதோடு அந்த ரகசிய இடமும் போயிற்று.

வெளிச்சம் வந்தது. ராக்கெட் வரவில்லை. 129 நொடி பாக்கி இருந்தபோது கவுண்ட்டவுனை நிறுத்திவிட்டார்கள், ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று அப்புறம் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். காலேஜ் பையன்களில் ஒருவனுக்குக் கோபம். இரண்டு நிமிடம் வரை வந்தவர்கள் சரிசெய்துவிட்டு அரை மணியில் விடக்கூடாதா என்றான். ஓனர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். உள்ளே ஊற்றியிருப்பது திரவ ஆக்சிஜன், மைனஸ் 183 டிகிரியிலேயே கொதிக்கிற சாமான், இவர்கள் அதை அதற்கும் கீழே குளிரவைத்து ஊற்றுகிறார்கள், குளிரக் குளிர அடர்த்தி கூடும், அதே டாங்கில் அதிகம் பிடிக்கும். நின்ற நிமிடத்திலிருந்து அது சூடேறும், ஆவியாகும், ஐஸ் வண்டியை வெயிலில் நிறுத்தின மாதிரி. பழுதைக் கண்டுபிடிக்கும் வரை அது காத்துக்கொண்டிருக்காது, இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். "டாங்க்கு செஞ்சு முடிச்சதும் தண்ணி ரொப்பி பிரஷர் ஏத்திப் பார்ப்போம் தம்பி. ஒரு சொட்டு வேர்த்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். அன்னிக்கு எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. மேல போயிக் கெட்டா யார் ஏணி போட்டு ஏறிப் பாக்குறது?" அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தான். சமாதானம் ஆனான் என்று சொல்லமுடியாது. எனக்குமே ஆகவில்லை, 350 கிலோமீட்டர் திரும்பி ஓட்ட வேண்டும்.

மே 28-ல் மறுபடி முயற்சி. செவ்வாய்க்கிழமை, லீவு கேட்க முகமில்லை. ஐந்து நொடி இருக்கும்போது நின்றது, இந்தத் தடவை பற்றவைக்கிற இக்னைட்டரில் சிக்கல். மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு மேஜைக்கடியில் போனில் பார்த்தேன். அடுத்து எப்போது என்று ஒரு தகவலும் இல்லை, அதனால் நானும் விட்டுவிட்டேன். மே 30 வியாழக்கிழமை காலை குளித்துக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து சத்தம். "தம்பி! உங்க ராக்கெட்டு போயிடுச்சு!" துண்டோடு ஓடிப்போய்ப் பார்த்தால் டிவியில் கீழே ஒரு வரி ஓடுகிறது. 7.15 மணிக்குப் பறந்துவிட்டது. நேரலையே இல்லை. நான்கு தடவை ஊரைக் கூட்டி நிறுத்திவிட்டு, ஐந்தாவது தடவை கொஞ்சம் பேரை மட்டும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். நியாயம்தான், நாம் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு அவர்கள் வராமல் போனால் அடுத்த தடவை என்ன செய்வோம்? ஆனாலும் எனக்கு இன்றுவரை ஒரு சின்ன ஆற்றாமை உண்டு. ஸ்பேஸ்எக்ஸ் தன் ராக்கெட் கெட்டுப்போவதைக்கூட எனக்குக் காட்டியது, நம்ம தரமணி அக்னிகுல்காரர்கள் ஜெயிப்பதைக் காட்டவில்லை.

செமி கிரையோஜெனிக் எஞ்சினோடு இந்தியாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அதுதான். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும். இதை ஓனருக்குப் படித்துக் காட்டியபோது, "மண்ணெண்ணெய்யா? ரேஷன்ல நிறுத்திட்டு இங்க கொண்டுபோயிட்டானுங்களா" என்றார்.

இதை எழுதுகிற 2025 ஆகஸ்டில் எங்கள் ஏழு மணி டீயில் ஹைதராபாத் வந்துவிட்டது. 2022 நவம்பரில் விக்ரம் எஸ் என்ற சின்ன ராக்கெட்டை 89.5 கிலோமீட்டர் வரை அனுப்பிய அந்த ஊர் நிறுவனம் ஸ்கைரூட், இப்போது விக்ரம் 1 செய்துகொண்டிருக்கிறது, இது செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையிலேயே கொண்டுபோய் விடவேண்டியது. இந்த மாதம் 8-ம் தேதி அதன் முதல் அடுக்கு மோட்டார் கலாம் 1200-ஐ ஸ்ரீஹரிகோட்டாவில் தரையோடு கட்டிவைத்து எரித்துப் பார்த்தார்கள், 30 டன் திட எரிபொருள், ஒரு நிமிடம் ஐம்பது நொடி. வீடியோவை ஓனர் ஏழு தடவை பார்த்தார். திட எரிபொருள் என்றால் ஆவியாகிற தொல்லை இல்லை, அதனால் இது சொன்ன தேதியில் போகும் என்பது அவர் கட்சி. ராக்கெட் எதுவும் சொன்ன தேதியில் போகாது என்பது என் கட்சி.

போன வாரம் வாடகை அக்ரிமென்ட்டைப் புதுப்பித்தோம், வழக்கமான 11 மாதம். ஆயிரம் ரூபாய் ஏற்றியிருந்தார். என்ன சார் இது என்றேன். கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டிக்கொண்டே, "அடுத்த தடவை பெட்ரோல் செலவு பாதி என்னுது, ஆம்பூர்த் தம்பிகிட்ட இப்பவே சொல்லி வை" என்றார்.