பொட்டாசியத்தை எடுத்தால் என்ன ஆகும்?

டி.என்.ஏ. என்றதும் முறுக்கிய ஏணிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் உருட்டிக்கொண்டிருப்பது வேறு உருவம்: ஜி-குவாட்ருப்ளெக்ஸ். நம் குரோமோசோம் நுனிகளில் டிடிஏஜிஜிஜி என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே நான்கு குவானின்கள் (அந்த வரிசையில் 'ஜி' என்று வரும் எழுத்துகள்) சதுரமாகக் கைகோத்துக்கொள்ளும். அப்படி மூன்று சதுரம் அடுக்கினால் ஒரு குவாட்ருப்ளெக்ஸ். அடுக்குகளுக்கு இடையில் பொட்டாசியம் அயனி. அதை நீக்கிவிட்டு, அணுக்களின் அசைவைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷனை ஓடவிட்டால், உள்பக்கம் நோக்கிய ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றையொன்று தள்ள, சில நானோ விநாடிகளிலேயே அடுக்கு தள்ளாட ஆரம்பிக்கும். சிலசமயம் வெளியே திரிகிற அயனி ஒன்று உள்ளே நுழைந்து காப்பாற்றிவிடும். இதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

தலைவலி வேறு இடத்தில். இதே வரிசை 1993இல் சோடியம் கரைசலில் ஒரு மடிப்பைக் காட்டியது, 2002இல் பொட்டாசியம் கலந்த படிகத்தில் முற்றிலும் வேறொன்றை. எதில் தொடங்குகிறோமோ அதிலேயே சிமுலேஷன் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். அதனால் 'மைக்ரோ விநாடி முழுக்க நிலையாக இருந்தது' என்று யாராவது சொன்னால் நான் லேசில் நம்புவதில்லை.

பயன்? இப்படியே குவாட்ருப்ளெக்ஸாக மடிந்து ரத்த உறைவைத் தடுக்கும் 15 எழுத்து டி.என்.ஏ. துண்டு 1992லேயே வந்துவிட்டது. புற்றுநோய்க்கு, குரோமோசோம் நுனிகளை நீட்டிக்கொண்டே போகும் டெலோமரேஸ் நொதியைத் தடுக்க இந்த மடிப்பைப் பிடித்து வைக்கும் தட்டையான மூலக்கூறுகளைத் தேடுகிறோம். தட்டையாக இருப்பது சாதாரண ஏணியிலும் போய் ஒட்டிக்கொள்ளும், அதுதான் இப்போதைய ரோதனை.