இரண்டு சீட்டு, ஒரே நேரம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் தரவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவர் உட்கார்ந்திருப்பார், எதிரில் நாற்காலி காலியாக இருக்கும். யார் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குத் தந்த வேலை.

பல ஆண்டுப் பதிவுகள் கையில் இருந்தன. வீடு எவ்வளவு தூரம், எந்தக் கிழமை, முன்பு எத்தனை முறை வரவில்லை என்றெல்லாம் போட்டு, யார் வரமாட்டார் என்று கணிக்கும் ஒரு கணினி மாடலைச் செய்தோம். சோதித்துப் பார்த்ததில் நன்றாகவே வேலை செய்தது. மாடல் யாரை வரமாட்டார் என்கிறதோ, அவருடைய நேரத்திலேயே இன்னொருவருக்கும் டோக்கன் போட்டுவிடலாம் என்று மீட்டிங்கில் முடிவெடுத்தார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

சில வாரம் கழித்து, டோக்கன் கொடுக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க சொன்ன மாதிரிதான் போடறோம். ஆனா பல நாள் ரெண்டு பேருமே வந்துடறாங்க. நாங்க யாரை முதல்ல அனுப்பறது?"

அன்று காலை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் பிளாஸ்டிக் உறையில் பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் சீட்டில் 10.15 என்று இருந்தது. அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண்ணின் சீட்டிலும் அதே 10.15. பெரியவரை உள்ளே கூப்பிடும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவர் இரண்டு பேருந்து மாறி வந்தவர். முன்பு சில முறை வரமுடியாமல் போனதால் என் மாடல் அவரைச் சந்தேகப்பட்டிருக்கிறது. மாடலில் வருமானத்தை நான் சேர்க்கவே இல்லை. ஆனால் தூரமும் தவறிய நாட்களும் சேர்ந்து ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருக்கின்றன. நெருக்கடியில் இருப்பவர்களையே தேடிப் பிடித்து இன்னும் அதிக நேரம் காக்க வைத்திருக்கிறோம்.

2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தபோது இந்தக் காலைதான் கண்முன் வந்தது. அமெரிக்க மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்திய ஓர் அல்காரிதம், அதாவது கணினிக் கணிப்பு முறை, யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பதை அவர்களுக்கு ஆகும் மருத்துவச் செலவை வைத்துக் கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்கு வெள்ளையினத்தவருக்கு உள்ள அதே அளவு நோய் இருந்தாலும் அவர்களுக்காகச் செலவிடப்படும் தொகை குறைவு. அதனால் அவர்களுக்கு ஸ்கோரும் குறைந்தது. அந்தப் பிழையைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புப் பெறுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தனைக்கும் அந்த அல்காரிதத்தில் இனம் ஒரு விவரமாகக்கூட இல்லை. அரசுத் துறைகளும் இதற்கு விலக்கல்ல. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது.

மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன். அங்கே வாடிக்கையாளர் தரவை வெளியே ஒரு நிறுவனத்துக்குத் தர வேண்டியிருந்தது. "பேரை எடுத்துட்டா போதும்" என்றார்கள். நானும் அங்கே பாலிசிதாரர்தான். பெயர் நீக்கிய அட்டவணையைத் திறந்து என் பிறந்த தேதி, பாலினம், பின்கோடு மூன்றையும் போட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. நான் சிகிச்சை எடுத்த விவரம் முழுக்க அதில் இருந்தது. மேலாளரிடம் காட்டினேன், தரவு போவது நின்றது. அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்றே விவரங்களால் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-லேயே கணக்கிட்டிருந்தார். அதை அப்புறம்தான் படித்தேன்.

இவ்வளவு ஆபத்து இருந்தால் தரவே சேர்க்க வேண்டாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ராஃபிகாக்சிப் என்ற வலி மருந்தை லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். மாரடைப்பு ஆபத்து தெரியவந்து 2004-இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். சுமார் 14 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வும் அதிக அளவில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடியதைக் காட்டியது. ஒரு மருத்துவர் தன் அறையில் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வயதானவருக்கு மாரடைப்பு வருவது மருத்துவருக்குப் புதிதல்ல, எது மருந்தால் வந்தது என்று எப்படிப் பிரிப்பார்? அத்தனை பேரின் பதிவும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அது கண்ணில் படும். இந்த வேலையை நான் விடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மருத்துவமனையில் அப்புறம் என்ன செய்தோம் என்றால், மாடலை அப்படியே வைத்துக்கொண்டு அது தரும் பட்டியலை அக்காவிடம் கொடுத்தோம். இரண்டாவது டோக்கன் போடுவதை நிறுத்திவிட்டு, பட்டியலில் இருப்பவர்களுக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து பேசச் சொன்னோம். சிலர் மதியத்துக்கு மேல் என்றால் வருவதாகச் சொன்னார்கள். சிலர் ரத்தப் பரிசோதனையையும் அதே நாளில் வைத்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அதைப் பார்த்துத்தான் டேட்டாபேஸில் 'வராத காரணம்' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தேன். முதல் நாள் அதில் அக்கா தட்டச்சு செய்தது இது: 'குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சனிக்கிழமை கொடுத்தால் வருவார்.'