பெலிசித்தாவிடம் அதைக் கேட்ட காவலாள்

பெண்கள் சிறையில் இருபத்தாறு வருடம் வார்டராக இருந்தவள் நான். கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கதையை மற்றவர்கள் எப்படிப் படிப்பார்களோ, பெர்பெத்துவாவின் கதையில் என் கண் போனதெல்லாம் ஜெயில் ஆட்கள் மேல்தான்.

இன்றைய துனிசியாவிலுள்ள கார்த்தேஜில், 203-இல் பிடிபட்டபோது அவருக்கு 22 வயது இருக்கும், கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் நடந்ததைத் தானே எழுதிவைத்திருக்கிறார். இருட்டு, நெரிசல், புழுக்கம், போதாததற்குச் சிப்பாய்களின் மாமூல் தொல்லை. சபை ஊழியர்களான திருத்தொண்டர்கள் இருவர் காசு கொடுத்து, சில மணி நேரம் நல்ல பகுதிக்கு மாற்ற வைக்கிறார்கள். அட, அப்போதுமா என்று சிரித்துவிட்டேன். குழந்தையைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனை ஆகிவிட்டது என்கிறார். எங்களிடமும் ஆறு வயது வரை பிள்ளை தாயோடு இருக்கலாம். பிள்ளை வந்து சேரும் நாளில் அந்த முகங்களைப் பார்த்தவளுக்கு இந்த வரி மிகையாகத் தெரியவில்லை.

பெலிசித்தாவிடம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பெர்பெத்துவாவோடு பிடிபட்ட அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பம். கர்ப்பிணிக்குத் தண்டனை நிறைவேற்ற ரோமைச் சட்டம் இடம் தராது, அதனால் கூட்டாளிகளோடு சேர்ந்து சாக முடியாதே என்பதுதான் அவளுடைய கவலை. பிரசவ வலியில் முனகியவளிடம் ஒரு காவலாள், இதற்கே இப்படி என்றால் மிருகத்துக்கு முன்னால் போட்டால் என்ன செய்வாய் என்கிறான்.

நானும் கிட்டத்தட்ட அதையே சொல்லியிருக்கிறேன். ஒரு நைட் ட்யூட்டியில், கைதியை வெளியே கூட்டிப்போக வேண்டிய வழிக்காவல் போலீஸ் வந்து சேராமல், போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தபோது, கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறிய பெண்ணிடம் "இதுக்கே இப்படியா?" என்று சீறிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பெலிசித்தா பதில் சொன்னாள்: இப்போது படுவது நான், அங்கே எனக்காகப் படுகிறவர் எனக்குள் இருப்பார். பெண் குழந்தை பிறந்தது, ஒரு சகோதரி வளர்த்தாள்.

அந்தச் சிறைக்குப் பொறுப்பாக இருந்த பூதென்ஸ் வேறு மாதிரி. பார்க்க வந்தவர்களை உள்ளே விட்டார், கடைசியில் அவரும் விசுவாசி ஆனார். மார்ச் 7 அன்று அவர்களை அரங்கத்தில் மிருகங்களுக்கு முன்னால் போட்டபோது, சிறுத்தை கடித்த அவர்களுடைய கூட்டாளி சாத்தூருஸ், பூதென்ஸின் விரலில் இருந்த மோதிரத்தைக் கேட்டு வாங்கி, தன் காயத்தில் தோய்த்துத் திருப்பிக் கொடுத்தார். கைதி கையிலிருந்து ஒரு பொருளும் வாங்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். அவர் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமும் அதே விரலோடு உட்கார்ந்து, ஆள் கணக்கு எடுத்து, எத்தனை பேர் குறைவு என்று எழுதித்தானே லாக்கப் அடைத்திருப்பார்.