எஸ்.ஐ. தேர்வுக்கு முன் எஸ்.ஆரைப் புரட்டிப் பாருங்கள்

காவலராக இருந்துகொண்டே சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எஸ்.ஐ. தேர்வை 20 சதவீதத் துறை ஒதுக்கீட்டில் எழுத நினைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைன் விண்ணப்பம் எளிதாக முடிந்துவிடும். என்னை அலையவிட்டது மாவட்ட அலுவலகத்தில் வாங்க வேண்டிய துறைச் சான்று.

சேவைக்காலத்தைச் சரிபார்த்த எழுத்தர் என் பேறுகால விடுப்பில் வந்து நின்றுவிட்டார். விடுப்புக்கு டி.ஓ. (அலுவலக ஆணை) போட்டிருக்கிறார்கள், ஆனால் எஸ்.ஆரில், அதாவது பணிப் பதிவேட்டில், ஏற்றவில்லை. "இந்தப் பீரியட் ரெகுலரைஸ் ஆகலம்மா, சர்வீஸ் குறையுது, அடுத்த தடவை எழுதிக்கங்க" என்றார். அடுத்த தடவையா? இந்தத் தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை. ஒரு பேட்ச் தள்ளினால் சீனியாரிட்டி போச்சு, இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. பதவி உயர்வும் அதோடு சேர்ந்து பின்னால் போகும். மேல்பதவிகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு இப்படி விடுபட்ட ஒற்றை வரியும் காரணம் என்றுதான் சொல்வேன்.

பேறுகால விடுப்பு முழுச் சம்பளத்தோடு கூடியது. 2021 ஜூலை முதல் 12 மாதம். தகுதிகாண் பருவம் முடித்தவருக்கு அதைச் சேவையிலிருந்து கழிக்க இடமில்லை. ஆனால் கவுன்ட்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. டி.ஓ. நகல், மீண்டும் பணியில் சேர்ந்த அறிக்கை, அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு மூன்றையும் இணைத்து, இன்ஸ்பெக்டர் வழியாக எஸ்.பி.க்கு மனு கொடுங்கள். உங்கள் நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் விழாமல் அங்கிருந்து நகராதீர்கள். அந்த முத்திரையைக் காட்டிய பிறகுதான் என் பதிவு ஏறியது. சான்றும் கைக்கு வந்தது. டி.ஓ. எண் தெரியாவிட்டால் ஸ்டேஷன் ரைட்டரிடம் கேளுங்கள்.

அறிவிப்பு வந்தபின் இதைத் தொடங்கினால் நாள் போதாது. எஸ்.ஆரைப் பார்க்கும்போதே 3(ஏ), 3(பி) எனப்படும் துறை ஒழுங்கு விதிகளின் கீழ் குற்றச்சாட்டு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருந்தால் பள்ளிச் சான்றும் எஸ்.ஆரும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே சரிபாருங்கள்.

படிப்பில் ஒரே எச்சரிக்கை: சீனியர்கள் தரும் பழைய குற்றவியல் சட்டங்களான ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. நோட்டுகளை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பி.என்.எஸ். (தண்டனைச் சட்டம்), பி.என்.எஸ்.எஸ். (நடைமுறைச் சட்டம்), பி.எஸ்.ஏ. (சாட்சியச் சட்டம்); கொலைக்குப் பிரிவு 302 இல்லை, 103. தமிழ்த் தகுதித் தேர்வில் 100க்கு 40 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.